எடையிட்ட முன்கணிப்பு

எடையிட்ட முன்கணிப்பு என்பது நிகழ்படச் சுருக்கத்தில், முன்னர் அனுப்பப்பட்ட சட்டகம் ஒன்றின் படப்புள்ளி மதிப்புகளை ஓர் எண்ணால் பெருக்கி, தேவையெனில் மற்றோர் எண்ணைக் கூட்டி, புதிய சட்டகத்தை முன்கணிக்கும் நுட்பம் ஆகும். பெருக்கும் எண் எடை எனவும், கூட்டும் எண் கூட்டெண் எனவும் இக்கட்டுரையில் குறிக்கப்படுகின்றன. ஒரு காட்சி மங்கி மறையும்போதும், இருளிலிருந்து தோன்றும்போதும், ஒரு காட்சி மற்றொன்றுடன் கலந்து மாறும்போதும் இது பெரிதும் பயன்படுகிறது. 2003 ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட எச்.264 (எம்பெக்-4 பகுதி 10) சீர்தரத்தில் இந்நுட்பம் இடம்பெற்றுள்ளது.

தேவை

நிகழ்படத்தின் அடுத்தடுத்த சட்டகங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆகவே குறியாக்கி ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாக அனுப்புவதில்லை. சட்டகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் ஆதாரச் சட்டகத்தின் எப்பகுதியிலிருந்து நகர்ந்து வந்தது எனக் காட்டும் இயக்கத் திசையனையும், முன்கணிப்புக்கும் உண்மைப் படத்துக்கும் இடையிலான வேறுபாட்டையும் அனுப்புகிறது. இவ்வேறுபாடு எச்சம் எனப்படும். இம்முறையின் பெயர் இயக்க ஈடுசெய்தல்.

பொருள்கள் நகர்ந்தாலும் அவற்றின் ஒளிர்வு மாறாது என்ற எடுகோளின் மீதே இயக்க ஈடுசெய்தல் அமைந்துள்ளது. காட்சி மங்கும்போது இவ்வெடுகோள் பொய்க்கிறது. எப்பொருளும் நகராவிடினும் ஏறத்தாழ எல்லாப் படப்புள்ளிகளும் மாறிவிடுகின்றன. அப்போது குறியாக்கி, ஒளிர்வில் மட்டும் ஒத்த வேறோர் இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது பெரிய எச்சத்தை அனுப்ப நேரிடலாம். பிட்டு வீதம் குறைவாக இருப்பின் எச்சத்தைத் தோராயமாகவே அனுப்ப இயலும். படம் கட்டங்கட்டமாகச் சிதைந்து தோன்றும்.

எடுத்துக்காட்டு

8 பிட்டு நிகழ்படத்தில் வழமையாகக் கறுப்பின் ஒளிர்வு மதிப்பு 16, வெள்ளையின் மதிப்பு 235 ஆகும். ஒரு காட்சி கறுப்பை நோக்கி மங்கி, முக்கால் பங்கு ஒளிர்வுடன் எஞ்சுகிறது எனக் கொள்வோம். முந்தைய சட்டகத்தில் 216, 116, 16 என இருந்த மூன்று படப்புள்ளிகள் இப்போது 166, 91, 16 ஆகும்.

- எடை இன்றி முன்கணித்தால் எச்சம் முறையே −50, −25, 0.
- 0.75 என்ற எடையை மட்டும் பயன்படுத்தினால் முன்கணிப்பு 162, 87, 12. ஒவ்வொன்றிலும் 4 குறைகிறது.
- எடை 0.75, கூட்டெண் 4 எனில் முன்கணிப்பு 166, 91, 16. எச்சம் எங்கும் சுழியம்.

கறுப்பின் மதிப்பு சுழியமாக இல்லாததாலேயே கூட்டெண் தேவைப்படுகிறது. நிறக்கூறுகளின் நடுமதிப்பு 128 ஆதலால், இதே காட்சியில் அவற்றுக்கான கூட்டெண் 32 ஆகும். எனவே ஒளிர்வுக்கும் இரு நிறக்கூறுகளுக்கும் எடையும் கூட்டெண்ணும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன.

வெளிப்படை முறை

இம்முறையில் குறியாக்கி எடைகளையும் கூட்டெண்களையும் கணித்து, சட்டகத் துண்டத்தின் தலைப்பகுதியில் எழுதி அனுப்புகிறது. பின்னங்களைத் தவிர்க்க எடை முழு எண்ணாக எழுதப்பட்டு, 2 இன் அடுக்கு ஒன்றால் வகுக்கப்படுகிறது. வகுக்கும் எண் 1 முதல் 128 வரை இருக்கலாம். மேற்கண்ட 0.75 என்ற எடையை 48/64 என எழுதலாம்.

உள்ளார்ந்த முறை

இரு ஆதாரச் சட்டகங்களிலிருந்து முன்கணிக்கும்போது, எம்பெக்-2 சீர்தரம் அவற்றின் சராசரியை மட்டுமே எடுத்தது. எச்.264 இன் உள்ளார்ந்த முறையில், காட்டப்படும் நேர இடைவெளியைக் கொண்டு எடைகள் கணிக்கப்படுகின்றன. அருகிலுள்ள சட்டகம் கூடுதல் எடை பெறும். எடைகளைத் தனியே அனுப்ப வேண்டியதில்லை.

காட்டாக, கலந்து மாறும் காட்சியில் ஒரு படப்புள்ளியின் மதிப்பு முதல் ஆதாரச் சட்டகத்தில் 40, நான்கு சட்டகங்கள் கழித்து வரும் இரண்டாம் ஆதாரச் சட்டகத்தில் 120 எனக் கொள்வோம். மாற்றம் சீரானதெனில் முதலாவதற்கு அடுத்த சட்டகத்தில் அதன் மதிப்பு 60 ஆகும். சராசரி 80 எனத் தவறான மதிப்பைத் தரும். 48/64, 16/64 என்ற எடைகள் 60 என்ற சரியான மதிப்பைத் தருகின்றன.

குறிவிலக்கியின் பணி

எடைகளை எவ்வாறு கண்டறிவது என்பதைச் சீர்தரம் வரையறுக்கவில்லை. அது குறியாக்கியை உருவாக்குவோரின் விருப்பம். இரு சட்டகங்களின் சராசரி ஒளிர்வை ஒப்பிடுவது ஓர் எளிய வழி. ஆனால் எடைகளைப் பயன்படுத்தும் கணக்கும், அதில் எண்களை முழுமையாக்கும் முறையும் மிகத் துல்லியமாக வரையறுக்கப்பட்டுள்ளன. குறியாக்கியும் குறிவிலக்கியும் ஒரே விடையைப் பெற்றாக வேண்டும் என்பதே காரணம்.

எடைகளைப் புறக்கணிக்கும் குறிவிலக்கியில் தவறு ஒரு சட்டகத்துடன் நின்றுவிடாது. தவறான சட்டகமே அடுத்ததற்கு ஆதாரமாவதால் பிழை தொடர்ந்து பரவும். பிற சட்டகங்களைச் சாராமல் குறியாக்கப்பட்ட சட்டகம் வரும்வரை படம் சீராகாது. எச்.264 இன் அடிப்படைத் தோற்றுருவில் இந்நுட்பம் இல்லை. முதன்மைத் தோற்றுருவிலும் உயர் தோற்றுருவிலும் உண்டு. ஆகவே காட்டும் கருவி ஏற்கும் தோற்றுருவை அறிந்தே குறியாக்கம் செய்தல் வேண்டும்.

வரம்புகள்

வெளிப்படை முறையில் ஓர் எடை சட்டகத் துண்டம் முழுவதற்கும் பொதுவானது. எனவே படத்தின் ஒரு மூலையில் மட்டும் விளக்கு எரிந்தால் அது பொருந்தாது. இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. ஒரே சட்டகத்தை ஆதாரப் பட்டியலில் இருமுறை சேர்த்து, வெவ்வேறு எடைகளை அளிக்கலாம். ஒவ்வொரு கட்டமும் தனக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும்.

பிற்காலச் சீர்தரங்களில்

2013 இல் வெளியான எச்.265 வெளிப்படை முறையைத் தக்கவைத்து, உள்ளார்ந்த முறையைக் கைவிட்டது. 2020 இல் வெளியான எச்.266 வெளிப்படை முறையுடன், இரு ஆதாரங்களிலிருந்து முன்கணிக்கும் ஒவ்வொரு கட்டமும் தனக்குரிய எடையைச் சிறு பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்ளும் வசதியையும் சேர்த்தது. அப்பட்டியலில் உள்ள எடைகள் −2/8, 3/8, 4/8, 5/8, 10/8 ஆகும்.

இவற்றையும் பார்க்க

- நிகழ்படச் சுருக்கம்
- இயக்க ஈடுசெய்தல்
- எச்.264