ஏரியூரிலிருந்து மேட்டூர் பூங்காவுக்கு: பஸ், படகு, மறுபடி பஸ்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். கார் இல்லை, தீம் பார்க் டிக்கெட்டுக்குக் கொட்டிக் கொடுக்கவும் வழியில்லை என்றால், ஏரியூர்க்காரர்களுக்கு மேட்டூர் அணைப் பூங்கா போதும். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

போக இரண்டு வழி. பெரும்பாலை, மேச்சேரி சுற்றி பஸ்ஸிலேயே போவது ஒன்று. நான் சொல்வது மற்றது: ஏரியூரிலிருந்து நாகமரைக்கு பஸ், அங்கே விசைப்படகு ஏறி அக்கரையில் பண்ணவாடி, பிறகு கொளத்தூர் வழியாக மேட்டூருக்கு பஸ். பைக்கையும் படகில் ஏற்றிக்கொண்டு மனிதர்கள் அதன் இடுக்கில் நிற்பார்கள். பிள்ளைகளுக்கு ஆட்டம் அங்கேயே தொடங்கிவிடும். நடுத்தண்ணீரில் அவர்களை உட்காரவைப்பது உங்கள் சாமர்த்தியம். லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கடக்கும் இந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணையால் அவை மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். எந்தத் தீம் பார்க்கிலும் இப்படி ஒரு காட்சியைக் கட்டிவைக்க முடியாது. ஒகேனக்கல்லில் வெள்ளம் பாயும் நாட்களில் மட்டும் படகை நம்பாதீர்கள்; விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பூங்காவில் ஊஞ்சலும் சறுக்கும், மீன் காட்சியகமும், பாம்புப் பண்ணையும், மான்களும் உண்டு. புதுமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்பது வயதுக்காரர்கள் பிள்ளையை ஊஞ்சலில் வைத்துத் தள்ளிக்கொண்டே தாங்கள் வந்த காலத்தைப் பேசுவதற்கு அதுவே காரணம். பழைய விளையாட்டிடத்துக்கும் மதிப்பு உண்டு: சிங்கப்பூரில் தோ பாயோவில் 1979-இல் வீட்டு வசதி வாரியம் கட்டிய டிராகன் விளையாட்டிடம் ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பழைய குடியிருப்பை இடித்தபோதும் டிராகனை விட்டுவைத்தார்கள். இன்று ரயில் ஏறி வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மேட்டூரின் பழைய ஊஞ்சலுக்கும் அந்த மரியாதை தகும்.

வெயில் ஏறினால் சறுக்கு சுடும். காலையிலேயே ஆடவிட்டு, மதியம் நிழலில் சாப்பிடுங்கள். அணைக்கட்டு முனியப்பனுக்குக் கோழி நேர்ந்துகொண்டவர்கள் அங்கேயே சமைத்துச் சாப்பிடுவது வழக்கம். மற்றவர்களுக்குக் கட்டுச்சோறும், அணையோரக் கடைகளில் பொரிக்கும் மீனும். ஆடிப்பெருக்கன்று மட்டும் சின்னக் குழந்தைகளோடு போக வேண்டாம். கூட்டத்தில் ஊஞ்சல் கிடைக்காது, பிள்ளை தொலையும்.

செலவு அதிகமில்லை. அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு இலவசம். அரசு பஸ்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் டிக்கெட் வேண்டாம். படகுக்கும் பூங்கா நுழைவுக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பண்ணவாடியில் இறங்கும்போதே கடைசிப் படகு எப்போது என்று கேட்டுவிடுங்கள். தவறவிட்டால் மேச்சேரி சுற்றித்தான் ஊர் வந்து சேர வேண்டும்.