குழந்தையும் வெளிக்காற்றும்

இரண்டு வயதுக் குழந்தை மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வெளியே, வெளியே" என்று அழுகிறது. "வெயில் சுடும், தூசி ஒட்டும், சளி பிடிக்கும்" என்று சொல்லி, அதன் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். என் தம்பிக்கு எங்கள் வீட்டிலும் இதைத்தான் செய்தோம். ஆகவே பிறரைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை.

நம் பாட்டிமார் காலத்து மயிலாப்பூர் வீடுகளில் திண்ணையும் முற்றமும் கிணற்றடியும் இருந்தன. குழந்தையை வெளியே அழைத்துச் செல்வது என்று அன்று தனியாக ஒரு வேலை இல்லை. தியாகராய நகரின் அடுக்கு வீடுகளில் இன்று அது ஒரு வேலையாகிவிட்டது.

இதற்கு வழிகாட்டிய ஓர் அம்மையார் நம் அடையாற்றிலேயே வாழ்ந்தார் என்பது தோழியர் எத்தனை பேருக்குத் தெரியும்? இத்தாலி நாட்டு மருத்துவரும் கத்தோலிக்கருமான மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939ஆம் ஆண்டு இங்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அப்போது அவருக்கு வயது 69. உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. நடை பழகிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், அதன் வேகத்தில் நாம் நடக்க வேண்டும் என்பது அவர் கருத்து. குழந்தை எங்கும் போய்ச் சேருவதற்காக நடப்பதில்லை. எறும்பைக் கண்டால் நிற்கும், உதிர்ந்த பூவைப் பொறுக்கும், பிறகு நடக்கும். அதுவே அதன் பாடம். அவசரம் நம்முடையதுதான்!

உடல்நலத்திற்கும் இது தேவை. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கண்ணுக்கும் நன்மை உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு வயதுப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை அவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு வந்தது; மற்றப் பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு வந்தது. இம்முடிவு 2015இல் வெளியாயிற்று. அவர்கள் சற்றுப் பெரிய பிள்ளைகள்தாம். ஆயினும் பழக்கத்தைச் சிறு வயதிலேயே தொடங்குவது எளிதல்லவா?

வைட்டமின் டி பற்றி ஒரு சொல். மூடிய ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அது உடலில் உண்டாகாது. அதற்குரிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதற்காகச் சித்திரை மாத நடுப்பகலில் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள், தாய்மார்களே! காலையிலும் மாலையிலும் வெளியே விளையாடட்டும். தொப்பியும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். டெங்குக் கொசு பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும் மிகுதியாகக் கடிக்கும். ஆகவே மழைக்காலத்தில் கைகால்களை மூடும் உடை அணிவியுங்கள்.

நாகேஸ்வரராவ் பூங்காவோ, பனகல் பூங்காவோ, பெசன்ட் நகர்க் கடற்கரையோ, எது அருகில் உள்ளதோ அது போதும். எதுவும் இல்லையேல் மொட்டை மாடி இருக்கிறது; கைப்பிடிச் சுவரருகில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். நாங்கள் இப்போது தம்பியைத் தினமும் பனகல் பூங்காவிற்கு அழைத்துச் செல்கிறோம். பத்து நிமிட வழிக்கு அரை மணி ஆகிறது. வழியில் காக்கைகள் அதிகம்.