கோடியக்கரையின் சின்னஞ்சிறு விருந்தினர்

ஐப்பசி பிறந்ததும், விடியுமுன்பே கோடியக்கரைச் சேற்றுநிலத்தில் போய் நின்றோம். பூநாரையைக் காணவே பலரும் அங்குச் செல்வர். நாம் தேடியதோ கொசு உள்ளானை. எடை முப்பது கிராமுக்கும் குறைவு! சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, பனி மூடுமுன் இங்கு வந்துசேர்கிறது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்குப் பல்லாண்டுகளாகப் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிட்டு, அவற்றின் வழியை ஆராய்ந்துள்ளனர். 1967இல் சரணாலயமாகவும் 2002இல் ராம்சர் நிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடந்தான். ஆயினும் உள்ளான் கூட்டம் முன்போல் இல்லை. ஆழமற்ற நீரில்தான் அதன் குட்டை அலகுக்கு இரை எட்டும். நீர் உயர்ந்தாலும் பட்டினி, வற்றினாலும் பட்டினி. உள்ளான் கறியை விரும்பிக் கேட்போர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாகாதா?

வெயில் ஏறுகையில், காலில் வளையம் மின்ன ஒன்று அருகே வந்தது. எண்ணைப் படிக்கக் குனிந்தோம், அதற்குள் பறந்துவிட்டது.