மீனவர் குப்பத்து மோதிரம்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கோரிப் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது கால்வே நகரம். ஆற்றின் ஒரு கரையில் மதில் சூழ்ந்த வணிக நகரம். மறுகரையில் கிளாடா என்ற மீனவர் குப்பம். வைக்கோல் வேய்ந்த வீடுகள், ஐரிஷ் மொழிப் பேச்சு, தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்து ‘ராஜா’ என்று அழைத்த ஒரு தலைவர் என்று அந்தக் குப்பம் தனி உலகமாகவே இருந்தது. ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் மீனை நகரத்துக்குக் கொண்டுபோய் விற்பார்கள். இன்று உலகெங்கும் ‘கெல்டிக் மோதிரம்’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குப்பத்தின் பெயரைத் தாங்கிய மோதிரம்தான்.

இரண்டு கைகள் ஓர் இதயத்தைத் தாங்கியிருக்கும்; இதயத்தின் மேல் ஒரு மகுடம். கைகள் நட்பு, இதயம் அன்பு, மகுடம் விசுவாசம். கைகோத்த மோதிரங்கள் ரோமானியர் காலத்திலிருந்தே ஐரோப்பாவில் உண்டு. கால்வேயின் வடிவம் அந்த மரபில் ஒரு கிளை. 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரிச்சர்ட் ஜாய்ஸ் என்ற பொற்கொல்லர் செய்து தம் முத்திரை பதித்த மோதிரங்கள் இன்றும் இருக்கின்றன. அவர் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜீரியாவில் ஒரு பொற்கொல்லரிடம் அடிமையாக விற்கப்பட்டு அங்கே தொழில் கற்றார் என்றும், 1689இல் விடுதலை பெற்று ஊர் திரும்பினார் என்றும் செவிவழிக் கதை சொல்கிறது.

அன்று இந்த மோதிரத்தைக் கடையில் பார்த்து ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று வாங்கியவர்கள் குறைவு. அது கல்யாண மோதிரம். தாயிடமிருந்து மகளுக்குப் போகும்; மீனவக் குடும்பத்தின் கையில் இருந்த தங்கமே பெரும்பாலும் அதுதான். 1840களின் பஞ்சத்தில் பல மோதிரங்கள் அடகுக் கடைக்குப் போயின. உரியவர்கள் கப்பலேறிவிட்டதால் மீட்க ஆளின்றி உருக்கப்பட்டன. அமெரிக்கா போனவர்களின் விரல்களில் எஞ்சியவை அங்கே அயர்லாந்தின் அடையாளமாயின. 1930களில் கிளாடாவின் பழைய வீடுகளும் இடிக்கப்பட்டு நகராட்சி வீடுகள் எழுந்தன. குப்பம் போனது, மோதிரம் நின்றது.

இன்று அதே வடிவம் ஆண்களுக்கென்று கனமாக, அகலமாக, வெள்ளியிலும் டைட்டேனியத்திலும் டங்ஸ்டனிலும் வருகிறது. மேற்கு நாடுகள் பலவற்றில் ஆண்கள் கல்யாண மோதிரம் அணிவது பரவலானதே இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டித்தான். ஆகவே ஆண்களுக்கான கெல்டிக் மோதிரம் மிக இளைய வழக்கம். வலக்கையில் இதயத்தின் கூர்முனை விரல்நுனியைப் பார்த்தால் தனியாள், தன்னைப் பார்த்தால் காதலில் இருப்பவர், இடக்கையில் தன்னைப் பார்த்தால் மணமானவர் என்ற கணக்கும் இன்றைய அணிபவர்களிடையே ஊன்றிவிட்டது.

கெல்டிக் மோதிரங்களில் இன்னொரு வகையான முடிச்சு மோதிரங்களின் கதையும் இப்படித்தான். கோடு ஒன்று மேலும் கீழுமாகப் பின்னி, சிக்குக் கோலம்போலத் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது. கி.பி. 800ஐ ஒட்டித் துறவிகள் எழுதி, இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நூலின் பக்கங்களில் இதன் உச்சத்தைக் காணலாம். ஆனால் ‘இது நித்தியம், இது வீரம்’ என்ற விளக்கம் எதையும் அந்தத் துறவிகள் எழுதிவைக்கவில்லை. 1850இல் கண்டெடுக்கப்பட்ட ‘தாரா ஊசி’ என்ற பழைய உடையணியை டப்ளின் நகைக்காரர்கள் நகலெடுத்து விற்றபோது பழைய அயர்லாந்தின் அணிகள் மறுபடி மோஸ்தராயின. இன்று நகைப்பெட்டியோடு வரும் அட்டையில் அச்சிட்டிருக்கும் அர்த்தங்களில் பல அதற்குப் பிந்தியவை. அதனால் அவை பொய்யாகிவிடாது, புதியவை, அவ்வளவுதான்.

எனவே ஓர் ஆண் இதைத் தேர்ந்தெடுக்கும்போது அட்டையை விட்டுவிட்டு வேலைப்பாட்டைப் பார்ப்பது நல்லது. நல்ல கிளாடா மோதிரத்தில் விரல்கள் ஒவ்வொன்றும் பிரிந்து தெரியும், மணிக்கட்டில் சட்டைக் கைமடிப்பு இருக்கும். மலிவான வார்ப்பில் கை வெறும் மேடாகிவிடும். முடிச்சு மோதிரத்தில் ஒரு கோட்டை நகத்தால் தொடர்ந்து பாருங்கள்: மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி வர வேண்டும், பின்பக்க இணைப்பில் அறுந்தால் வேலை சுத்தமில்லை. ஆணின் விரலுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலம் பொருந்தும். வட்டம் முழுவதும் வேலைப்பாடு ஓடினால் பின்னால் அளவு மாற்றுவது கடினம். டங்ஸ்டனை மாற்றவே முடியாது, பலமாக அடிபட்டால் உடையும். வெள்ளி தேய்ந்து வரிகள் மழுங்கும். கைவேலை செய்பவருக்கு மகுடம் துருத்தாத தட்டையான வடிவமே நல்லது. உள்வட்டத்தில் ஹால்மார்க் எண்ணைப் பாருங்கள்: 375 என்றால் 9 காரட், 585 என்றால் 14, 750 என்றால் 18, வெள்ளிக்கு 925.

அன்று மோதிரத்துக்கு அர்த்தம் தந்தது, அதைக் கழற்றிக் கொடுத்த கை. இன்று அதை வாங்குகிறவர்தான் தர வேண்டியிருக்கிறது. அது சுமையல்ல, வாய்ப்பு. தாய்க்கும் மகளுக்கும் இடையில் மட்டும் ஓடிய சங்கிலியில் இப்போது தகப்பனும் மகனும் சேரலாம். உள்ளே பெயரும் ஆண்டும் பொறித்து, ஒருநாள் பிள்ளைக்குக் கொடுக்கும் எண்ணத்தோடு வாங்குகிறவர், எந்தப் புராணத்தின் துணையும் இல்லாமல் கிளாடாக்காரர்களின் வழக்கத்தைத் தொடர்கிறார்.