யங்கோனா வேரும் ஏழு டாலர் நோட்டும்

தென் பசிபிக் கடலில் 300க்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் பிஜியைச் சுற்றுலா விளம்பரங்கள் வெண்மணலும் தென்னையுமாகவே காட்டினாலும், அந்நாட்டின் பூர்வகுடிகளான இத்தௌகேய் மக்கள் தம் பெருமையின் வேரைக் காண்பது மண்ணில்தான். 'வனுவா' என்னும் அவர்களது சொல் நிலத்தையும், அதில் வாழும் குடியையும், அக்குடியின் வழக்காறுகளையும் ஒருங்கே குறிப்பது. ஆகவே ஒரு சிற்றூரின் எல்லைக்குள் அடியெடுத்து வைப்பவர், தெருவில் நடப்பவராக அல்லாமல் பிறர் வீட்டு முற்றத்தில் நிற்பவராகவே கருதப்படுகிறார்.

அந்த முற்றத்தில் இசைவு கேட்கும் சடங்குக்குச் 'செவுசெவு' என்று பெயர். வருபவர் யங்கோனா வேரை ஒரு கட்டாகக் கொண்டுவந்து ஊர்த்தலைவர் முன் வைக்க, தலைவரின் சார்பில் பேசுபவர் அதை ஏற்று வரவேற்புரை கூறுவார். மண்ணின் முகம் என்று பொருள்படும் 'மத்தானிவனுவா' என்பதே அவருடைய பதவிப்பெயர். பிற நாடுகளில் கவா எனப்படும் இந்த யங்கோனா, மிளகும் வெற்றிலையும் சேர்ந்த அதே பேரினத்துச் செடி என்பதை, விருந்தினருக்குத் தாம்பூலம் தந்து பழகிய தமிழர் அறிந்தால் வியக்கக்கூடும். வேரை இடித்து நீரில் கரைத்துத் 'தனோவா' என்னும் மரக்கலத்தில் வைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் வழங்குவார்கள். பெறுபவர் ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மடக்கில் பருகி, மீண்டும் மூன்றுமுறை தட்ட வேண்டும். அது மதுவன்று, நாவைச் சற்றே மரத்துப்போகச் செய்து மனத்தை அமைதிப்படுத்துவதோடு சரி. சந்தையில் அரைக் கிலோ வேர் வாங்கிச் செல்வது, ஊருக்குள் தொப்பியைக் கழற்றுவது, தோளையும் முழங்காலையும் மறைத்து உடுத்துவது, எவர் தலையையும் தொடாதிருப்பது ஆகியவற்றைக் கடைப்பிடித்தால் பயணிக்குப் பெரிதாகப் பிழை நேராது.

யங்கோனாவைவிடக் கனமானது 'தம்புவா' எனப்படும் திமிங்கிலப் பல். பெண் கேட்பதற்கும், துக்கத்தில் பங்கேற்பதற்கும், மன்னிப்பு வேண்டுவதற்கும் அதுவே முன்வைக்கப்படுகிறது. 1867இல் விட்டிலெவு தீவின் மலைப்பகுதி ஊர் ஒன்றில் தாமஸ் பேக்கர் என்ற மெதடிஸ்ட் போதகர் கொன்று உண்ணப்பட்டார். 2003இல் அவ்வூர் மக்கள் அவருடைய வழித்தோன்றல்களை வரவழைத்துத் திமிங்கிலப் பற்களை அளித்து மன்னிப்புக் கேட்டனர். தலைநகர் சுவாவிலுள்ள பிஜி அருங்காட்சியகத்தில் பேக்கரின் காலணி என்று சொல்லப்படும் தோல்துண்டு இன்றும் வைக்கப்பட்டிருப்பதை, ஒரு நாடு தன் கசப்பான நினைவை ஒளிக்காமல் பேணுவதற்குச் சான்றாகவே கொள்ளலாம்.

1874 அக்டோபர் 10 அன்று லெவுக்கா நகரில் தாக்கொம்பாவ் உள்ளிட்ட தலைவர்கள் தீவுகளைப் பிரித்தானிய முடிக்கு ஒப்படைத்தபின், ஆளுநர் ஆர்தர் கார்டன் இத்தௌகேய் நிலம் விற்கப்படுவதைத் தடுத்ததோடு, அம்மக்களைத் தோட்டக் கூலிகளாக்குவதையும் விரும்பவில்லை. பூர்வகுடிகளைக் காத்த இந்தக் கொள்கையின் மறுபக்கமாகவே கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். முதல் கப்பலான லியோனிடாஸ் 1879 மே 14 அன்று வந்தது. 1916 வரை 60,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். ஒப்பந்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவர்கள் நாவில் 'கிர்மித்' என்று திரிந்து, அவர்களுக்குக் 'கிர்மிட்டியா' என்ற பெயரையும் தந்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. பிஜிக்குச் சென்ற பெண்களின் துயரே பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' பாடலுக்குப் பொருளாயிற்று. நாந்தி நகரின் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலைக் காணும் தமிழ்ப் பயணி, அதன் வண்ணக் கோபுரத்துக்குப் பின்னால் இந்த வரலாறு நிற்பதை நினைவிற்கொள்வது நல்லது.

நிலமோ இன்றும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் 'மத்தங்காலி' எனப்படும் இத்தௌகேய் குலக்குழுக்களின் உடைமை. அதை விற்க இயலாது, குத்தகைக்கே விட இயலும். ஒரு சாராருக்கு அடையாளத்தின் அரணாக விளங்கும் அதே சட்டம், மூன்று தலைமுறை உழுதும் குத்தகை முடிந்ததும் வெளியேற நேர்ந்த இந்திய வம்சாவளி உழவருக்குத் தீராத அச்சமாக இருந்துவந்திருக்கிறது.

இவ்விரு மரபுகளும் தனித்தனியே வளர்ந்தும் வியப்பூட்டும் வகையில் ஒத்திருப்பது நெருப்பில் நடப்பதில்தான். பெங்கா தீவின் சவாவு குலத்தார், விறகிட்டுச் சூடேற்றிய கற்கள்மீது நடப்பார்கள். கதைசொல்லி ஒருவருக்குப் பரிசளிக்க விலாங்குமீன் பிடிக்கச் சென்ற அவர்களின் முன்னோர் ஒரு தெய்வத்தைப் பிடித்துவிட, அது தன் விடுதலைக்கு ஈடாகத் தீயை வெல்லும் ஆற்றலை அளித்ததாம். சுவாவின் மாரியம்மன் கோயிலிலோ, ஆண்டுதோறும் விரதமிருந்த அடியார்கள் தணலில் இறங்குகிறார்கள். சவாவு ஆடவரும் நடப்பதற்கு முன் பெண்களிடமிருந்து விலகி, தேங்காயையும் தவிர்த்து நோன்பிருப்பவர்கள்தாம். எனினும் அவர்களது சடங்கு இன்று பெரும்பாலும் விடுதிகளில் கட்டணக் காட்சியாகிவிட்டிருக்க, தமிழர் தீமிதி வேண்டுதலாகவே நிலைத்திருக்கிறது.

ஒப்படைப்பு நிகழ்ந்த அதே அக்டோபர் 10ஆம் நாளில், 1970இல், பிஜி விடுதலை பெற்றது. வெளிர்நீலக் கொடியின் மூலையில் பிரித்தானியச் சின்னமும், கேடயத்தில் கொக்கோக் காயை ஏந்திய சிங்கத்தோடு கரும்பு, தென்னை, வாழைக்குலை, புறா ஆகியவையும் இடம்பெற்றன. அச்சின்னத்தை நீக்கிப் புதுக்கொடி அமைக்க அரசு 2015இல் முனைந்தது. அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பிஜியின் எழுவர் ரக்பி அணி பிரித்தானிய அணியையே 43–7 என்று வீழ்த்தி நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தங்கமாக வென்றபோது மக்கள் கையில் ஏந்தியது பழைய கொடியைத்தான். அரசு மாற்றத்தைக் கைவிட்டது. மத்திய வங்கி 2017இல் அந்த அணியின் படத்தோடு ஏழு டாலர் நோட்டையே வெளியிட்டது. இத்தகைய விந்தையான மதிப்பில் பணம் அச்சிடும் அளவுக்கு அங்கு ரக்பி விளையாட்டு என்பதைக் கடந்தது.

ஆனால் 'பிஜியர்' என்ற பெயர் யாருக்கு உரியது என்ற கேள்வி ரக்பியால் தீரக்கூடியதன்று. நெடுங்காலம் பூர்வகுடிகளை மட்டுமே குறித்துவந்த அப்பெயரை 2013 அரசமைப்புச் சட்டம் குடிமக்கள் அனைவருக்கும் பொதுவாக்கியது. அதற்கு முன், இந்திய வம்சாவளியினரின் ஆதரவைப் பெரிதும் பெற்றிருந்த அரசை இராணுவ அதிகாரி சித்திவேனி ரம்புக்கா 1987 மே 14 அன்று கவிழ்த்தார். அது லியோனிடாஸ் வந்துசேர்ந்த அதே மே 14 என்பதைக் கிர்மிட்டியா வழித்தோன்றல்கள் மறக்கவில்லை. 2022 தேர்தலுக்குப்பின் பிரதமரான அதே ரம்புக்கா, 2023 மே 14 அன்று சுவாவில் மெதடிஸ்ட் திருச்சபை நடத்திய நல்லிணக்க வழிபாட்டில் அவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கப்பல் வந்ததை நினைவுகூரும் கிர்மித் நாள் அவ்வாண்டு முதல் தேசிய விடுமுறையாயிற்று.