வலையொலியும் செவியறிவும்

வானொலியின் முன் குறித்த நேரத்தில் வந்தமர்ந்து கேட்கும் வழக்கம் நம்மிடையே குறைந்துவிட்டது. ஆயினும், கேட்கும் ஆர்வம் குறைந்துவிடவில்லை. பேருந்தில் செல்வோரும், சமையலறையில் வேலை செய்வோரும், மாலையில் திடலைச் சுற்றி நடப்போரும் காதில் சிறு கருவியைச் செருகிக்கொண்டு எதையோ கேட்டவண்ணம் இருக்கின்றனர். அவருட் பலர் பாட்டுக் கேட்கவில்லை, பேச்சுக் கேட்கின்றனர். யாரோ ஒருவர் தமக்கு விருப்பமான பொருளைப் பற்றித் தம் வீட்டிலிருந்தே பேசிப் பதிவு செய்து, எவரும் எந்நேரமும் கேட்குமாறு இணையத்தில் வைத்த பேச்சு அது. ஆங்கிலத்தார் இதனைப் பாட்காஸ்ட் என்பர். தமிழில் வலையொலி என்னும் சொல் வழக்கில் வந்துள்ளது. இதனைக் கேட்பதும், தாமே ஒன்றைத் தொடங்கி நடத்துவதும் இன்று பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டன. தமிழாசிரியர் இப்பொழுதுபோக்கில் இறங்கினால் யாது பெறுவர் என்பதை, மூன்றாண்டுகளாக இதில் ஈடுபட்டுவரும் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் ஈண்டு விளக்க முற்படுகின்றேன்.

முதலில் பெயர் வந்த வரலாற்றைக் காண்போம். 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி என்பார் எழுதிய கட்டுரை ஒன்றில், இப்புதிய முயற்சிக்கு ஏற்ற பெயர் யாது என வினவிச் சில பெயர்களை எடுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று இச்சொல். ஐபாட் என்னும் ஆப்பிள் நிறுவனக் கருவியின் பெயரும், ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்னும் சொல்லும் கூடிப் பிறந்தது அது. மறு ஆண்டே நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியார் இதனை 2005 ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தனர். ஐபாட் கருவியின் உற்பத்தி 2022 இல் நிறுத்தப்பட்டது. கருவி போயிற்று, பெயர் நிற்கின்றது. தமிழ் வழக்கில் கருவியின் பெயரைக் கொள்ளாது, 'வலை' என்றும் 'ஒலி' என்றும் பொருளை நோக்கிச் சொல் அமைந்தமை நமக்கு ஆதாயமே.

இதன் இயக்கம் எளிது. பதிவு செய்த பேச்சு ஒரு கோப்பாக இணையத்தில் ஓரிடத்தில் வைக்கப்படுகின்றது. அதனோடு ஓடை எனப்படும் பட்டியல் ஒன்றும் உண்டு. இப்பட்டியல் வெறும் எழுத்தால் ஆனது. ஒவ்வொரு பேச்சின் தலைப்பும், வெளிவந்த நாளும், கோப்பு இருக்குமிடமும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். கேட்பவர் தம் கைப்பேசியில் உள்ள செயலிக்கு அந்த ஓடையின் முகவரியை ஒருமுறை தெரிவித்துவிட்டாற் போதும். செயலி அவ்வப்போது பட்டியலைச் சென்று பார்க்கும். புதிய வரி சேர்ந்திருப்பின் அக்கோப்பைக் கொண்டுவந்து வைக்கும். காலையில் வீட்டு வாயிலில் நாளிதழ் போட்டுச் செல்வது போன்ற ஏற்பாடு இது. எழுத்துச் செய்திகளையே சுமந்துவந்த ஓடையில் ஒலிக்கோப்பையும் இணைத்தனுப்ப, அமெரிக்கரான டேவ் வைனர் 2000 ஆம் ஆண்டின் இறுதியில் வழி செய்தார். தொலைக்காட்சி வாயிலாக அறிமுகமாகியிருந்த ஆடம் கரி என்பார் 2004 இல் இம்முறையைப் பலரிடம் கொண்டு சேர்த்தார். வானொலி நிலையத்திற்கு உரிமம் வேண்டும், அலைவரிசை வேண்டும், உயர்ந்த கோபுரம் வேண்டும். இதற்கு வேண்டுவன ஒரு கைப்பேசியும் பேசுவதற்கு ஒரு பொருளுமே.

பேசுவதற்குப் பொருள் நம்மிடம் உண்டு என்று எண்ணித்தான் நானும் தொடங்கினேன். முதற்பதிவைக் கேட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தம் குரலைப் பதிவில் கேட்போர் யாவரும், "இது என் குரலா?" என்று முகஞ்சுளிப்பர். இதற்குக் காரணம் உண்டு. நாம் பேசுங்கால் நமது குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டை எலும்பின் வழியாகவும் நம் உட்செவியை அடைகின்றது. எலும்பின் வழி வருவது தாழ்ந்த ஒலிகளை மிகுத்துக் காட்டும். ஆதலால் நம் குரல் நமக்குக் கனத்ததாகத் தோன்றும். பதிவிலோ காற்றின் வழி சென்றது மட்டுமே இருக்கும். பிறர் நாள்தோறும் கேட்டுவருவது அதனையே. இந்தக் கூச்சம் இரண்டு வாரங்களில் தீர்ந்துவிடும். என் உறக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. 'வாழ்த்து', 'தமிழ்ப்பள்ளி' என்று நிறுத்திச் சொன்ன இடங்களில் என் ழகரம் சரியாகவே ஒலித்தது. பேச்சு விரைந்த இடங்களில் அது ளகரமாக விழுந்திருந்தது. ஒருமுறை அன்று, பன்னிரண்டு நிமிடப் பேச்சில் ஒன்பது முறை விழுந்திருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாகப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி ழகரம் சொல்லக் கேட்டவன் நான்.

தொல்காப்பியர் பிறப்பியலில் இவ்வொலிகளின் பிறப்பிடத்தைத் தெளிவாக வகுத்திருக்கின்றார். ழகரத்திற்கு நாவின் நுனி மேலெழுந்து அண்ணத்தை வருடவேண்டும். ளகரத்திற்கு நாவின் விளிம்பு தடித்து அண்ணத்தை வருடவேண்டும். பயிற்சிக் கல்லூரியில் இந்நூற்பாவை மனப்பாடம் செய்து தேர்வெழுதினோம். ஆனால் நம் நாக்கு அந்நேரத்தில் எங்கிருந்தது என்பதைக் காட்ட அங்கு ஒரு கருவி இல்லை. இப்பொழுது இருக்கின்றது, அதுவும் சட்டைப் பையிலேயே. ஆசிரிய நண்பர்கள் வலையொலி நடத்தாவிடினும் போகட்டும். ஒரு பாடவேளையைத் தமக்கென்று பதிவு செய்து தனியே இருந்து கேட்டுப் பார்க்க வேண்டுகின்றேன்.

அடுத்து, எழுதும் முறையில் நேர்ந்த மாற்றத்தைச் சொல்லவேண்டும். நாம் ஏட்டுக்கு எழுதிப் பழகியவர்கள். ஏட்டில் தவறவிட்டதைக் கண் திரும்பிச் சென்று பார்த்துக்கொள்ளும். செவிக்கு அவ்வசதி இல்லை. தமிழ் வாக்கியத்திலோ வினைமுற்று இறுதியில் வருகின்றது. "1877 இல் எடிசன் கண்டதும், பின்னர்ப் பலராலும் திருத்தப்பெற்றதும், வீடுதோறும் பாட்டைக் கொண்டு சேர்த்ததுமாகிய இசைத்தட்டுப் பொறியின் முன்னோடி" என்று நான் ஏட்டில் எழுதுவேன். படிப்பவர் தடையின்றிப் படிப்பர். இதனைக் காதால் கேட்பவர், எதனைப் பற்றிப் பேச்சு என்று அறியாமலே மூன்று அடை கடந்து வரவேண்டியிருக்கின்றது. செவிக்கென எழுதினால், "எடிசன் ஒரு பொறி செய்தார். ஆண்டு 1877. அந்தப் பொறி பேசிற்று" என்று வரும். முதலில் பொருள், பிறகு அதன் இயல்பு. இலக்கணம் அதேதான், வரிசை மட்டும் மாறிற்று.

'முன்னது', 'பின்னது' என்னும் சொற்கள் செவிக்குப் பயன்படா. முன்னது எதுவென்று கேட்பவர் மறந்திருப்பார். அடைப்புக்குறியும் மேற்கோட்குறியும் காதில் விழா. 'ஒலி', 'ஒளி' என்பவை அடுத்தடுத்து வரின் கேட்பவர் தடுமாறுவர். அங்கு 'வெளிச்சம்' என்று சொல்லிவிடுவது நல்லது. 'அரம்', 'அறம்' ஆகியவற்றின் வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டமையால், எழுத்தில் அமர்க்களமாக நிற்கும் சிலேடை ஒலியில் செத்துவிடும். நிறுத்தற்குறிகளின் வேலை முழுவதையும் மூச்சே செய்யவேண்டும். ஆகவே எழுதியதை வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டுமிடத்தில் வாக்கியத்தை வெட்டுக. என் வாசிப்பு நிமிடத்திற்குத் தொண்ணூறு சொல் அளவில் நிற்கின்றது. அதற்கு மேல் விரைந்தால் ழகரம் மீண்டும் வழுக்குகின்றது!

கருவிகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கைப்பேசியின் ஒலிவாங்கியே தொடக்கத்திற்குப் போதும். வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். நேர் எதிரே வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்தால், பகரம் இரட்டிக்கும் இடங்களில் காற்று மோதிப் 'புஸ்' என்னும் ஓசை எழாது. கருவியைவிட அறை முதன்மையானது. சிமெண்டுத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள வகுப்பறையில் பேசினால், ஒலி சுவரில் பட்டுத் திரும்பிக் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும். துணி அடுக்கிய அலமாரியைத் திறந்து வைத்து அதன்முன் அமர்ந்து பேசுக. துணி எதிரொலியை விழுங்கிவிடும். விசிறியை நிறுத்துக. தகரக் கூரையின் கீழ் இருப்போர் மாலை மழைக்கு முன்னரே வேலையை முடித்துக்கொள்க. எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிக்கு நேரங்காலம் இல்லை. அதற்கு நான் இன்னும் மருந்து காணவில்லை.

ஒலியைக் கணினி எண்களாகவே பதிகின்றது. நம் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை உணரும். இவற்றைத் தவறவிடாதிருக்க, நொடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு எடுக்கப்படுகின்றது. இவ்வாறு பதிந்த அரைமணிப் பேச்சு ஏறத்தாழ 159 மெகாபைட் இடங்கொள்ளும். ஜெர்மனியில் பிரான்ஹோபர் ஆய்வகத்தார் முன்னின்று உருவாக்கிய எம்பி3 முறையில் சுருக்கினால், பேச்சுக்குப் போதிய தரத்தில் 14 மெகாபைட்டில் அடங்கும். உரத்த ஒலியின் நிழலில் மறையும் மெல்லொலிகளைச் செவி உணராது. அவற்றை விட்டுவிடுவதே அம்முறையின் சூழ்ச்சி. பதிவை வெட்டி ஒட்டுவதற்கு, 2000 இல் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. இசை சேர்க்க விரும்புவோர் திரைப்பாடல்களைத் தொடாதிருப்பது நலம். நம் நாட்டில் 1987 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவற்றுக்குக் காவல் இருக்கின்றது. பள்ளிப் பிள்ளைகள் உறுமி அடித்தால் அதுவே போதிய இசை.

வெட்டி ஒட்டும் வேலையில் நான் செய்யவிருந்த பிழை ஒன்றைச் சொல்கின்றேன். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரை, அவர் இசைவையும் பிள்ளைகளின் இசைவையும் பெற்று, ஒருநாள் பேசவைத்துப் பதிவு செய்தேன். மங்கு, காண்டா, பெரட்டு, லயம் என்று, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கேட்டறியாத சொற்களெல்லாம் அவர் வாயில் இயல்பாக வந்தன. பதிவு ஓடிக்கொண்டிருக்கையிலேயே பழக்கத்தால் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன். என் குறிப்பில், "குழந்தையைத் தொட்டிலில் இட்டு, விடியுமுன் பெரட்டுக்கு விரைந்தனர்" என்று இருந்தது. நல்ல வாக்கியம்தான். வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டேன். அவர் சொன்னது இது: "மணி அடிச்சதும் ஓடணும் வாத்தியாரே, பெரட்டுக்கு." பிறகு பேச்சில்லை. ஏழு நொடி. எங்கோ ஒரு சேவல் கூவுகின்றது. பிறகு தணிந்த குரலில், "பிள்ளைய தொட்டில்ல போட்டுட்டு" என்கின்றார்.

நடந்த வரிசைப்படி நான் எழுதிவிட்டேன். அவர் நெஞ்சில் இருந்த வரிசை வேறு. அந்த ஏழு நொடியை என் குறிப்பேடு பதியவே இல்லை. மேலும், பதிவில் உள்ள இடைவெளிகளைத் தானே தேடிச் சுருக்கும் கட்டளை ஒன்று மென்பொருளில் உண்டு. கேட்பவர் சலிப்படையாதிருக்க எல்லாப் பதிவுக்கும் அதனை ஏவுவது அப்பொழுது என் வழக்கம். அன்றும் விரல் அதன்மேல் சென்றுவிட்டது. சேவலின் குரல்தான் என்னை நிறுத்திற்று. அதன்பின் முதியோர் பதிவுகளில் அக்கட்டளையை நான் தொடுவதில்லை. கல்லாத பெண்மணி ஒருவர் சொல்லின்றி உணர்த்தியதை, இலக்கணம் கற்ற நான் பிழையென்று நீக்கவிருந்தேன் என்பதை ஆசிரியர் மாநாடுகளில் சொல்லக் கூசினேன், இங்குச் சொல்லிவிட்டேன்.

நமது தொடக்கப் பள்ளிக் கலைத்திட்டத்தில் கேட்டலும் பேச்சும் முதலிடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. வள்ளுவரும் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்திருக்கின்றார். வகுப்பறையிலோ கேட்டல் என்பது, ஆசிரியர் பேசப் பிள்ளைகள் வாய்மூடி இருப்பது என்றாகிவிட்டது. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021 இல் நீக்கப்பட்ட பின்னும், எழுத்துப் பயிற்சித் தாள்களின் ஆட்சி முற்றும் ஒழிந்தபாடில்லை. எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு மாதத்திற்கு ஒன்றாகப் பத்து நிமிட நிகழ்ச்சி செய்கின்றோம். வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு, விடையை முழுதும் கேட்டு வரவேண்டும் என்பதே விதி. இடையில் குறுக்கிட்டால் அப்பதிவு ஏற்கப்படாது. முதல் மாதம் பதினொருவரில் எழுவர் குறுக்கிட்டனர். "ஐயா, பாட்டி நிறுத்திட்டாங்க, அதான் அடுத்த கேள்வி கேட்டேன்" என்றாள் ஒரு சிறுமி. பாட்டி நிறுத்தவில்லை, நினைத்துக்கொண்டிருந்தார் என்பதைப் பதிவைப் போட்டுக் காட்டிய பின்னரே அவள் ஒப்புக்கொண்டாள். பிள்ளைகளின் முழுப்பெயரையோ வீட்டு முகவரியையோ நிகழ்ச்சியில் நாங்கள் சொல்வதில்லை. பெற்றோர் கையொப்பமின்றி எதுவும் வெளிவருவதில்லை.

பதிவுகளைக் காப்பது பற்றியும் ஒரு சொல். இணையத்தில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடலாகாது. கூகுள் நிறுவனம் வலையொலிக்கென நடத்திவந்த செயலியை 2024 இல் மூடிவிட்டது. ஓடையின் முகவரியை வைத்திருந்த கேட்பவர் வேறு செயலிக்கு மாறிக்கொண்டனர், அவ்வளவிற்குத் தீங்கில்லை. எனினும், கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடமே மூடப்படின் யாது செய்வது? ஆகையால் சுருக்காத மூலப்பதிவை இரண்டு வன்தட்டுகளில் எழுதி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைப் பள்ளியிலும் வைத்திருக்கின்றேன். கோப்பின் பெயரிலேயே நாளும் தோட்டமும் பொருளும் வந்துவிடும். அம்மூதாட்டி சென்ற ஆண்டு மறைந்தார். கருமாதி முடிந்த மறுவாரம் அவர் பேரன் பள்ளிக்கு வந்து படி கேட்டார். "வெளியிட்டதா, முழுப்பதிவா?" என்றேன். முழுப்பதிவுதான் வேண்டும் என்றார். நாற்பத்து மூன்று நிமிடம், சேவலோடு சேர்த்து, அவர் கொண்டுவந்த சிறு நினைவகத்தில் ஏற்றிக் கொடுத்தேன்.