அசையும் சின்னமும் கடையின் நம்பிக்கையும்

கடையின் மீதான நம்பிக்கை பெயர்ப்பலகையிலேயே தொடங்குகிறது என்பதை வணிகர்களாகிய நாம் அறிவோம். பழைய பொருள்களை விற்றுத் தொண்டு செய்யும் நிறுவனங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1902-இல் தோன்றிய குட்வில், மக்கள் கொடுக்கும் பழைய துணிமணிகளையும் சாமான்களையும் விற்று, வேலையற்றோருக்குத் தொழிற்பயிற்சி அளிக்கிறது. 1968-இல் ஜோசப் செலாமே அமைத்த அதன் சின்னத்தில், 'ஜி' என்ற ஆங்கில எழுத்தே பாதி முகமாகப் புன்னகைக்கிறது.

இத்தகைய நிறுவனத்துக்குக் கையால் வரைந்த அசையும் சின்னம் எப்படி உருவாகிறது? பழைய சட்டையொன்று மடிந்து கடையின் சின்னமாக மாறுவதாக வைத்துக்கொள்வோம். திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஓர் ஓவியத்தை இரண்டு முறை காட்டினால் விநாடிக்கு 12 ஓவியம் போதும். ஐந்து விநாடிக்கு 60. தொடக்கம், திருப்பம், முடிவு ஆகிய நிலைகளை முதலில் வரைவார்கள். பின்பு, அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையில் தாள்களை அடுக்கி, இடைப்பட்டவற்றை நிரப்புவார்கள்.

ஒவ்வொன்றும் தனித்தனியே வரையப்படுவதால் கோடு சற்று நடுங்கும். புதுச் சரக்கு விளம்பரத்தில் இது குறையாகத் தோன்றலாம். கைமாறி வரும் பொருளுக்கோ இதுவே பொருத்தம்.

கடைசி ஓவியத்தில்தான் அதிகக் கவனம் தேவை. பெயர்ப்பலகையில் உள்ள சின்னமாகவே அது நிற்க வேண்டும். ரசீதிலும் பையிலும் ஒரே வண்ணத்தில் சிறிதாக அச்சிட்டாலும் அடையாளம் தெரிய வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் நம்பினால்தான் அக்கடை நடக்கும். எங்கும் ஒரே முகம் காட்டுவது நம் கடைகளுக்கும் நல்லதே.